போன்ல பளிச்சுனு இருக்குற போட்டோ பிரிண்ட் போட்டா ஏன் மங்கிப்போகுது?

போன மாசம் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும், ஸ்டூடியோ ஷட்டரை பாதி இறக்கிட்டேன், அப்போ ஒரு தம்பி வந்து நின்னாரு. அப்பா மதியம் தவறிட்டாரு, நாளைக்கு காலையில எடுக்குறோம், 12-க்கு 18 இஞ்ச்ல ஒரு போட்டோ பிரேம் போட்டு வேணும், தெருமுனையில கட்ட ஒரு பிளக்ஸும் வேணும்னு சொன்னாரு. போட்டோ எங்கன்னு கேட்டேன், போனை நீட்டினாரு. அப்பாவோட வாட்ஸ்அப் டிபி தான் இருந்துச்சு. வெள்ளைச் சட்டை, நெத்தியில மூணு கோடு திருநீறு, லேசா ஒரு சிரிப்பு. போன்ல பாக்க அவ்ளோ தெளிவு.

சிஸ்டத்துல போட்டு பாத்தேன், 640-க்கு 640 பிக்சல். தம்பி, இது பிளக்ஸுக்கு ஓரளவு ஓடிரும், பிரேமுக்கு பத்தாதுன்னேன். அவர் என்னைய பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. "பிளக்ஸ் தானண்ணே பெருசு? பெருசுக்கே போதும்னா சின்னதுக்கு எப்படிண்ணே பத்தாம போகும்?"

நியாயமான கேள்வி தான். இந்த வேலையில 17 வருசமா இருக்கேன், வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதே சந்தேகம் தான், ஆனா அவசரத்துல வர்றவங்களுக்கு நின்னு விளக்க நேரம் இருக்காது, அதனால இங்க உக்காந்து முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு. கணக்குன்னு பயப்பட வேணாம், வகுக்கத் தெரிஞ்சா போதும், அதுவும் போன்ல கால்குலேட்டர் இருக்கு.

முதல்ல பிக்சல். வாசல்ல புள்ளிக் கோலம் போடுறத பாத்திருப்பீங்க, 15 புள்ளி 15 வரிசைன்னு வச்சிட்டு ஆரம்பிப்பாங்க. டிஜிட்டல் போட்டோவும் அதே மாதிரி புள்ளி வரிசை தான், என்ன ஒண்ணு, கோலத்துல புள்ளிக்கு புள்ளி கோடு இழுப்போம், போட்டோவுல ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு கலர்ல நிரப்பின சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ள வேற எதுவும் கிடையாது. 4000-க்கு 3000 போட்டோன்னா படுக்கைவாட்டுல 4000 கட்டம், நெட்டுக்குத்தா 3000 கட்டம், பெருக்கினா 1 கோடியே 20 லட்சம், அதைத்தான் 12 மெகாபிக்சல்னு சொல்றாங்க, ஒரு மெகாபிக்சல்னா 10 லட்சம் பிக்சல், அவ்ளோதான்.

உலகத்துல முதல் தடவையா ஒரு போட்டோவை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தினது 1957-ல, அமெரிக்காவுல ரஸ்ஸல் கிர்ஷ்னு ஒரு இன்ஜினியர். மூணு மாசக் கைக்குழந்தையா இருந்த தன்னோட மகன் போட்டோவைத்தான் ஸ்கேன் பண்ணிருக்காரு. மொத்தம் 176-க்கு 176 கட்டம், 31 ஆயிரம் பிக்சல் கூட வராது. அந்தப் படத்தை இன்னைக்கும் பாக்கலாம், குழந்தைன்னு நல்லாத் தெரியும், ஆனா பெருசு பண்ணினா படிக்கட்டு படிக்கட்டா கட்டம் தெரியும். அன்னைக்கு ஸ்கேன் ஆன கட்டம் எவ்ளோவோ அவ்ளோதான் இன்னைக்கும் அதுல இருக்கு, இடையில 60 வருசத்துல எவ்ளோ டெக்னாலஜி வந்தாலும் அந்தப் படத்துக்குள்ள ஒரு கட்டம் கூட கூடல. இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, மத்ததெல்லாம் இதுல இருந்து தான் வருது.

இப்ப கோலத்துக்கு வருவோம். அதே 15 புள்ளியை சின்ன வாசல்ல வச்சா நெருக்கமா இருக்கும், கோவில் பிரகாரம் அளவுக்கு பரப்பி வச்சா ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல ஒரு ஆளே நிக்கலாம். புள்ளி எண்ணிக்கை மாறல, பரப்பு தான் மாறிருக்கு. போட்டோவை பேப்பர்ல போடுறப்போ நடக்குறதும் இது தான். ஒரு இஞ்சுக்குள்ள எத்தனை பிக்சல் உக்காருதுன்னு பாக்குறது தான் பிபிஐ. நிறையப் பேர் இதையே டிபிஐன்னு சொல்லுவாங்க, நாங்களும் கடையில டிபிஐன்னு தான் பேசுவோம், ஆனா டிபிஐங்கறது உண்மையில பிரிண்டர் தெளிக்கிற மைப்புள்ளி கணக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

போன்ல ஏன் தெளிவாத் தெரியுதுன்னு இப்ப புரியும். போன் ஸ்கிரீனோட அகலம் எவ்ளோ? ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, ரெண்டே முக்கால் இஞ்ச் கூட வராது. நிறைய போன்ல அந்த அகலத்துக்குள்ள 1080 பிக்சல் இருக்கு, அதாவது இஞ்சுக்கு 400. அந்தத் தம்பி கையில இருந்த டிபி 640 பிக்சல், அந்த ரெண்டே முக்கால் இஞ்சுக்குள்ள அது காட்டுறப்போ இஞ்சுக்கு 230 கிட்ட வருது, பளிச்சுனு தான் இருக்கும். அதையே 12 இஞ்சுக்கு இழுத்தா? டிபி சதுரம், 12-க்கு 18 நீளவாக்கு, அதனால ரெண்டு பக்கமும் வெட்டணும், வெட்டினா அகலத்துல 427 பிக்சல் தான் மிஞ்சும். 427-ஐ 12-ஆல வகுங்க. இஞ்சுக்கு 36. போன்ல பாத்ததுல ஆறுல ஒரு பங்கு நெருக்கம் கூட இல்ல.

கணக்கு மொத்தமே இவ்ளோதான். போட்டோவோட பிக்சலை பிரிண்ட் இஞ்சால வகுத்தா பிபிஐ. திருப்பிப் போட்டா, பிக்சலை 300-ஆல வகுத்தா எவ்ளோ பெருசு தாராளமா பிரிண்ட் போடலாம்னு வந்துரும். 4000-க்கு 3000 போட்டோன்னா 13-க்கு 10 இஞ்ச். மேக்சி சைஸ்னு சொல்ற 4-க்கு 6 இஞ்ச் பிரிண்டுக்கு 1200-க்கு 1800 இருந்தா போதும், அது ரெண்டு மெகாபிக்சல் தான், 20 வருசத்துக்கு முன்னாடி வந்த சின்ன டிஜிட்டல் கேமராவே அதைக் குடுத்துச்சு. 8-க்கு 10-னா 2400-க்கு 3000. 12-க்கு 18-னா 3600-க்கு 5400, அதாவது 19 மெகாபிக்சலுக்கு மேல. கல்யாண ஆல்பத்துல ரெண்டு பக்கம் விரிச்சா 12-க்கு 36 வரும்ல, அதுக்கு 3600-க்கு 10800, அது சாதாரண கேமரா போட்டோ எதுவும் தனியா குடுக்காது, அதனால தான் அந்த ஷீட்டுல நாலஞ்சு போட்டோவை சேத்து டிசைன் பண்றது.

சரி, அந்த 300 எங்க இருந்து வந்துச்சு? ஏதோ வேதவாக்கு மாதிரி எல்லாரும் 300 300-ன்னு சொல்றாங்க, காரணம் சொல்றவங்க கம்மி. ரெண்டு பக்கத்துல இருந்து அது வருது.

ஒண்ணு நம்ம கண்ணு. 6/6 பார்வை இருக்குற ஒருத்தருக்கு ரெண்டு புள்ளி தனித்தனியாத் தெரியணும்னா அதுக்கு நடுவுல ஒரு குறைஞ்சபட்ச கோணம் வேணும், ஒரு டிகிரியை 60 பங்காப் போட்டா அதுல ஒரு பங்கு. அதுக்கும் நெருக்கமாப் போனா கண்ணு ரெண்டையும் ஒண்ணா பாத்துரும். புஸ்தகம் படிக்கிற மாதிரி ஒரு அடி தூரத்துல வச்சுப் பாத்தா இந்தக் கோணம் இஞ்சுக்கு 287 புள்ளின்னு கணக்கு வருது. கிட்டத்தட்ட 300. 2010-ல ஐபோன் 4 வந்தப்போ ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில சொன்னதும் இந்த 300 கணக்கைத்தான், அந்த போன் ஸ்கிரீன் 326 பிபிஐ.

இன்னொண்ணு பிரஸ். சிவகாசி பக்கம் ஆப்செட் பிரஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு இது மனப்பாடம். பூதக்கண்ணாடி இருந்தா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா போன் கேமராவை நல்லா ஜூம் பண்ணிக்கங்க, இன்னைக்கு பேப்பர்ல வந்த ஒரு கலர் போட்டோ மேல வச்சுப் பாருங்க. முகம் மறைஞ்சு போயிரும், நீலம் சிவப்பு மஞ்சள் கறுப்புன்னு நாலே நாலு கலர்ல பொட்டுப் பொட்டா தெரியும், வெளிச்சமான இடத்துல பொட்டு சின்னது, இருட்டான இடத்துல பொட்டு பெருசாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அந்தப் பொட்டு வரிசை இஞ்சுக்கு எத்தனைங்கறது தான் ஸ்கிரீன். நல்ல ஆர்ட் பேப்பர்ல காலண்டர் அடிக்கிறப்போ வழக்கமா 150 ஸ்கிரீன், ஒரு வரிசைக்கு ரெண்டு பிக்சல் குடுக்கணும்ங்கறது அந்தத் தொழில்ல பழைய கணக்கு, 150-ஐ ரெண்டால பெருக்கினா 300. நியூஸ் பேப்பர் தாள் மையை உறிஞ்சிப் பரப்பிரும், அதனால அதுக்கு 85-ல இருந்து 100 ஸ்கிரீன் தான், 200 பிபிஐ-ல போட்டோ குடுத்தாலே தாராளம். அதனால 300 கட்டாயம்னு எல்லா இடத்துலயும் அடம் பிடிக்கணும்னு இல்ல. கையில வச்சுப் பாக்குற ஆல்பம், நல்ல பேப்பர், அதுக்குத்தான் 300. 200-க்கு மேல இருந்தா சாதாரணக் கண்ணுக்கு பெரிய வித்தியாசம் தெரியாது, 150-க்கு கீழ போனா கைத்தூரத்துலயே மென்மையாத் தெரிய ஆரம்பிக்கும், 100-க்கு கீழ போனா யாரு பாத்தாலும் கேப்பாங்க.

இப்ப தம்பி கேட்ட கேள்விக்கு வரலாம். பதில் தூரம். ஒரு அடியில 287 வேணும்னா ரெண்டு அடியில அதுல பாதி போதும், மூணு அடியில மூணுல ஒரு பங்கு போதும். எத்தனை இஞ்ச் தூரத்துல நின்னு பாப்பாங்களோ அதால 3440-ஐ வகுத்தா எவ்ளோ பிபிஐ வேணும்னு வந்துரும், இந்த ஒரு நம்பரை எங்கயாச்சும் எழுதி வச்சுக்கங்க, நான் டேபிள் மேல ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருக்கேன்.

அந்த பிளக்ஸ்ல முகத்துக்கு ஒதுக்கின இடம் மூணு அடிக்கு மூணு அடி. 36 இஞ்சுக்கு 640 பிக்சல், இஞ்சுக்கு 18 கூட இல்ல. ஆனா அது தெருமுனையில மேல கட்டி இருக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் 16 அடி தள்ளி நின்னு பாக்குறவங்க கண்ணுக்கு இஞ்சுக்கு 18 போதும். பஸ்ல போறவங்களுக்கு அதுவும் தேவையில்ல. வீட்டு பிரேம் அப்படி இல்ல. நடு ஹால்ல ஸ்டூல் போட்டு மாலை போட்டு வச்சிருப்பாங்க, விளக்கு ஏத்த வர்றவங்க, விழுந்து கும்பிட வர்றவங்க எல்லாம் மூணு அடியில நிப்பாங்க. மூணு அடிக்கு 95 பிபிஐ வேணும், இருக்குறது 36. அந்த 36 தெளிவாத் தெரியணும்னா 8 அடி தள்ளி நிக்கணும். எந்த வீட்டு ஹால்ல அப்பா போட்டோவை 8 அடி தள்ளி நின்னு பாப்பாங்க? அதுவும் 16-ஆம் நாள் முடிஞ்சதும் எடுத்து வைக்கிற பிளக்ஸ் இல்ல அது, இன்னும் 30, 40 வருசம் செவுத்துல இருக்கப் போறது. அதனால தான் சின்னது தான் கஷ்டம்னு சொன்னேன்.

சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாரு. "அப்போ ஏஐ-ல கிளியர் பண்ணிரலாம்லண்ணே"ன்னாரு. சரி, மனசு கேக்காதுன்னு பண்ணிக் காட்டினேன். ரெண்டு நிமிசம், நாலு மடங்கு பெருசாயிருச்சு, தோல்ல ரோமக்கால் தெரியுது, புருவம் ஒவ்வொரு முடியாத் தெரியுது. அவர் ஸ்கிரீன் கிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு, "இது எங்கப்பா கண்ணு இல்லண்ணே."

அது தான் விசயம். 640-ஐ 2560 ஆக்கணும்னா நடுவுல இல்லாத கட்டங்களை எங்க இருந்தாச்சும் கொண்டு வரணும். பழைய முறையில பக்கத்துக் கட்டங்களோட கலரை சராசரி எடுத்து நிரப்பும், படம் பெருசாகும், ஆனா மாவு கரைச்ச மாதிரி மொழுமொழுன்னு இருக்கும். ஏஐ வேற மாதிரி, லட்சக்கணக்கான முகத்தைப் பாத்துப் பழகி, இந்த மாதிரி மங்கலா இருந்தா அது பெரும்பாலும் இந்த மாதிரி கண்ணா இருக்கும்னு யூகிச்சு வரையும். மலை, மரம், பில்டிங்னா அந்த யூகம் நமக்கு உறுத்தாது, நானும் அதுக்கு யூஸ் பண்றேன், நல்லாவே வருது. தெரியாத ஆளோட முகம்னா கூட ஓகே. ஆனா அம்மா அப்பா முகத்தை நமக்குத் தெரிஞ்ச அளவு எந்த சாப்ட்வேருக்கும் தெரியாது, ஒரு நூல் அளவு மாறினாலும் நமக்குத் தெரிஞ்சுரும். வேற வழியே இல்லைங்கறப்போ ரெண்டு மடங்கு வரைக்கும் பண்ணலாம், அதுக்கு மேல போனா வேற ஆள் ஆயிருவாங்க.

அப்போ என்ன பண்றது? ஒரிஜினலைத் தேடணும். அந்த டிபி எங்க எடுத்தது, யாரு போன்ல எடுத்ததுன்னு கேட்டேன். யோசிச்சு, தங்கச்சி வளைகாப்புல அவங்க வீட்டுக்காரர் எடுத்ததுன்னாரு. அந்நேரத்துக்கு அவங்களுக்கு போன் போட்டாரு, அவங்களும் ஊருக்கு பஸ்ல வந்துட்டு இருந்தாங்க, தேடி அனுப்பினாங்க. வந்தது 1600-க்கு 1200. ஏன்னா சாதாரணமா போட்டோன்னு செலக்ட் பண்ணி அனுப்பினா சீக்கிரம் போகணும், டேட்டா கம்மியா ஆகணும்னு வாட்ஸ்அப் அளவைக் குறைச்சு தான் அனுப்பும், எச்டின்னு ஒரு பட்டன் 2023-ல வந்துச்சு, அதை அமுக்கினா கொஞ்சம் பெருசாப் போகும், ஆனா முழு ஒரிஜினல் வேணும்னா அட்டாச் பண்ற இடத்துல போட்டோவைத் தொடாம டாக்குமென்ட்டுங்கறதைத் தொட்டு அதுக்குள்ள இருந்து போட்டோவைத் தேர்ந்தெடுத்து அனுப்பணும். இல்லன்னா மெயில், டிரைவ் லிங்க், பென்டிரைவ், எது வேணா. அந்த அம்மாவுக்கு போன்லயே சொல்லிக் குடுத்தோம், பஸ் இரைச்சல்ல மூணு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. 10 நிமிசத்துல வந்துச்சு, 4608-க்கு 3456, அஞ்சு எம்பி.

அதை ஓபன் பண்ணினப்போ தான் பாத்தோம், டிபி-ல தெரியாதது எல்லாம் இருக்கு. சட்டைப் பாக்கெட்ல ஒரு பேனா, காதோரம் நரை, இடது கன்னத்துல ஒரு மரு. அது கூட்டத்துல எடுத்த போட்டோ தான், அவர் மட்டும் வர்ற மாதிரி வெட்டினதுல 1900-க்கு 2850 மிஞ்சுச்சு. 12-ஆல வகுத்தா 158. மூணு அடிக்கு 95 போதும்னு பாத்தோம்ல, அதை விட தாராளம். ராத்திரி 11 மணிக்கு பிரிண்ட் வந்துச்சு. தம்பி அந்த மரு மேல விரல வச்சு அப்படியே நின்னாரு, நான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

இதுல இன்னொரு பாடம் உள்ள இருக்கு, வெட்டுறது. கிராப் பண்ற ஒவ்வொரு தடவையும் பிக்சலைத் தூக்கிப் போடுறோம். குரூப் போட்டோ எடுத்தா ஒரு வரிசைக்கு 10 பேர் நிக்கிறாங்க, 4000 பிக்சலை 10 பேர் பங்கு போட்டா ஆளுக்கு 400, அதுல தலை மட்டும்னா 150, 200 தான் வரும். அந்தத் தலையை மட்டும் தனியா எடுத்து பெரிய பிரேம் போட்டுக் குடுங்கன்னு கேட்டா 8 இஞ்சுக்கு 25 பிபிஐ. வராது. அதனால வீட்டு விசேசத்துல குரூப் போட்டோ எடுத்து முடிச்சதும் பெரியவங்களை ஒவ்வொருத்தரா உக்கார வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல, மார்பளவுக்கு ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க. ஜூம் பண்ணி எடுக்காம கிட்ட போய் எடுங்க, போன்ல விரலால விரிக்கிற ஜூம் ரொம்ப தூரம் போனா அதுவும் வெட்டுறது தான். கை ஆடின போட்டோ, போகஸ் தப்பின போட்டோ, இருட்டுல எடுத்து புள்ளிப் புள்ளியா இரைஞ்ச போட்டோ, இதுக்கெல்லாம் 50 மெகாபிக்சல் இருந்தும் பிரயோசனம் இல்ல, மங்கலையே தெளிவாப் பதிஞ்சு வச்சிருக்கும்.

50 மெகாபிக்சல்னு சொன்னதும் ஞாபகம் வருது. போன் விளம்பரத்துல 50, 108, 200-ன்னு போடுறாங்க, ஆனா எடுத்த போட்டோவை கேலரியில பாத்தா 12 மெகாபிக்சல்னு தான் இருக்கும், ஏமாத்திட்டாங்களான்னு கேக்குறாங்க. இல்ல, கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்குற சென்சார் சின்னது, அதுல ஒவ்வொரு கட்டமும் ரொம்பப் பொடிசு, வெளிச்சம் கொஞ்சமாத்தான் வாங்கும், அதனால நாலு கட்டத்தை சேத்து ஒண்ணா எண்ணிக்குது, 108-னா ஒன்பது, 200-னா 16. ராத்திரில போட்டோ நல்லா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். நல்ல பகல் வெளிச்சத்துல பெரிய பிரிண்டுக்குன்னே எடுக்குறீங்கன்னா கேமராவுல 50 மெகாபிக்சல் மோடு தனியா இருக்கும், அதைப் போட்டு எடுங்க. இன்னொண்ணு, மெகாபிக்சல் நாலு மடங்கு ஆனா தான் பிரிண்ட் நீளம் ரெண்டு மடங்கு ஆகும், ஏன்னா நீளம் அகலம் ரெண்டும் சேந்து வளரணும். 12-க்கு பதிலா 16 மெகாபிக்சல் போன் வாங்கினா பிரிண்ட்ல கூடுறது ஒன்றரை இஞ்ச், ரெண்டு இஞ்ச் தான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு வர்றவங்க நிறைய. தயவு செஞ்சு வேணாம். 4000 பிக்சல் போட்டோவை போன்ல தொறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தா ஸ்கிரீன் அகலம் 1080 தான, போட்டோ 1080-க்கு 810-ஆ சுருங்கிரும், ஒரு மெகாபிக்சல் கூட இல்ல, மேல பேட்டரி அளவும் கீழ பட்டனும் தான் மிச்சம்.

அப்புறம் அந்த 72, 300 குழப்பம். காலேஜ் மேகசின்ல இருந்தோ பத்திரிகையில இருந்தோ "300 டிபிஐ போட்டோ அனுப்புங்க"ன்னு கேப்பாங்க, இவங்க கம்ப்யூட்டர்ல பிராப்பர்ட்டீஸ் பாத்தா 72-ன்னு இருக்கும், உடனே போட்டோவே தரம் இல்லைன்னு பயந்துருவாங்க. அது பைலுக்குள்ள எழுதி வச்ச ஒரு லேபிள் மட்டும் தான். 4000-க்கு 3000 போட்டோவுல 72-ன்னு எழுதிருந்தாலும் 300-ன்னு எழுதிருந்தாலும் பிக்சல் அதே 1 கோடியே 20 லட்சம். போட்டோஷாப்ல இமேஜ் சைஸ் போய் ரீசேம்பிள்ங்கற டிக்கை எடுத்துட்டு 300-ன்னு அடிச்சா இஞ்ச் அளவு மட்டும் மாறும், படத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த டிக் இருக்குறப்போ மாத்தினா பிக்சலே மாறிரும், அங்க தான் பல பேர் கெடுத்துக்குறாங்க. 640 பிக்சல் டிபி-ல 300-ன்னு எழுதி அனுப்பினாலும் அது ரெண்டு இஞ்ச் போட்டோ தான். கேக்குறவங்களும் டிபிஐ கேக்குறதுக்கு பதிலா "அகலத்துல 2400 பிக்சலுக்கு கம்மியில்லாம அனுப்புங்க"ன்னு கேட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி.

பிரிண்டர் டப்பாவுல 5760 டிபிஐன்னு போட்டிருக்குமே அது என்னன்னா, இங்க்ஜெட் பிரிண்டர்கிட்ட இருக்குறது நாலு இல்ல ஆறு கலர் மை தான், நம்ம போட்டோவுல லட்சக்கணக்கான கலர், ஒரு பிக்சலோட கலரைக் காட்ட அது பல பொடிப்பொடி மைத்துளிகளை பக்கம் பக்கமா தெளிக்கணும். அந்தத் துளிக் கணக்கு தான் 5760. அதுக்காக 5760 பிபிஐ போட்டோ யாரும் குடுக்க வேணாம்.

தலை வெட்டுப்படுற புகாரும் ரெசல்யூசனோட ஒட்டினது தான். போன் போட்டோ 4-க்கு 3 கணக்கு, மேக்சி பிரிண்ட் 3-க்கு 2. 4000-க்கு 3000-ஐ அதுல முழுசா நிரப்பணும்னா மேலயும் கீழயும் சேத்து 333 வரிசை போகும். அதனால எடுக்குறப்போவே தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு எடுங்க. கலர் இருட்டா வருதுன்னு சொல்றவங்க போன் பிரைட்னஸை பாதியாக் குறைச்சு பாத்துட்டு குடுங்க, பேப்பருக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாது.

எக்ஸாம் அப்ளிகேசனுக்கு வர்ற பசங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க கேக்குறது 20 கேபி-ல இருந்து 50 கேபி-க்குள்ள, 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர்னு இருக்கும். கேபிங்கறது பைல் எவ்ளோ கனம்ங்கறது, பிக்சல் வேற. ஜேபெக்னு சொல்ற பார்மேட் படத்தை எட்டுக்கு எட்டு கட்டமாப் பிரிச்சு, கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாத நுணுக்கத்தை விட்டுட்டு சுருக்கி வைக்கும், எவ்ளோ அழுத்துறோமோ அவ்ளோ கேபி குறையும், ரொம்ப அழுத்தினா முகத்துல கட்டம் கட்டமாத் தெரியும். 4000 பிக்சல் போட்டோவை அப்படியே 50 கேபி-க்கு அழுத்தாதீங்க, முதல்ல 413-க்கு 531-ன்னு சின்னது பண்ணிக்கங்க, அது 300 பிபிஐ-ல சரியா 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர், அப்புறம் சேவ் பண்ணினா 50 கேபி-க்குள்ள சுத்தமா வந்துரும். ஆனா அந்த சின்ன பைலை வேற பேர்ல சேவ் பண்ணுங்க, ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணிட்டு பெரிய போட்டோவைத் தொலைச்சவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

உங்க போன்ல இருக்குற போட்டோ எவ்ளோன்னு பாக்க கேலரியில அதைத் தொறந்து மேல தள்ளுங்க, இல்ல டீடெயில்ஸ்ங்கறதைத் தொடுங்க, பிக்சல், எம்பி எல்லாம் காட்டும். வீட்டுல உள்ள பெரியவங்க போட்டோவை இன்னைக்கே பாருங்க, 1600-ன்னோ 1280-ன்னோ இருந்தா அது எங்கயோ சுத்தி வந்தது, யாரு எடுத்தாங்களோ அவங்க போன் மாத்துறதுக்கு முன்னாடி டாக்குமென்ட்டா வாங்கி வச்சிருங்க.

டிஜிட்டலே இல்லாத பழைய போட்டோ தான் இருக்குன்னா போன்ல படம் பிடிச்சு அனுப்பாதீங்க, கிளாஸ் பிரேம்னா டியூப்லைட் வேற அதுல விழுந்துரும். பிரேம்ல இருந்து மெதுவா எடுத்து ஸ்கேனர்ல 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, 4-க்கு 6 போட்டோன்னா 2400-க்கு 3600 வரும், அதை 8-க்கு 12 வரைக்கும் போடலாம். பாஸ்போர்ட் சைஸ் மட்டும் தான் இருக்குன்னா 1200-ல பண்ணச் சொல்லுங்க, பழைய பிரிண்ட்ல பதிஞ்சிருக்குற நுணுக்கத்துக்கு அதுக்கு மேல போனா பேப்பரோட சொரசொரப்பு தான் வரும். கிளாஸோட ஒட்டிக்கிட்ட போட்டோவைப் பிச்சு எடுக்காதீங்க, கிளாஸோடயே வச்சு ஸ்கேன் பண்ணலாம், பண்ற எடத்துல கிளாஸைத் துடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க. நெகட்டிவ் கிடைச்சா அதையும் எடுத்துட்டு வாங்க, பிரிண்டை விட அதுல நிறைய இருக்கும்.